படியேறி வந்த சிஸ்டர்

வரும் ஞாயிற்றுக்கிழமையோடு லிஃப்ட்காரர் இரட்சிக்கப்பட்டு ஒரு வருடம். தெருவில் விஷயம் தெரியாதவர்கள் யாரும் இல்லை; தெரியாமல் இருக்க அவர் விட்டதில்லை. குடியை விட்டார், கெட்ட வார்த்தையை விட்டார், மீசையைக்கூட விட்டார். மீசை என்ன பாவம் செய்தது என்று யாரும் கேட்கவில்லை. கம்பெனி கொடுத்த நீலச் சட்டை தவிர மற்றதெல்லாம் வெள்ளையாயிற்று. போனை எடுத்தால் ‘ஹலோ’ கிடையாது, ‘ஸ்தோத்திரம்’தான். லிஃப்டில் நடுவழியில் மாட்டிக்கொண்டு கூப்பிடுகிறவர்கள்கூட பதில் ஸ்தோத்திரம் சொன்ன பிறகுதான் எந்த மாடி என்று சொல்ல முடியும்.

சபை கூடுவது ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடியில். அங்கே லிஃப்டைப் பராமரிப்பதும் அவரே. ஞாயிறு காலையில் எல்லாரும் லிஃப்டில் சொகுசாக மேலே போவார்கள். அவர் மனைவி மட்டும் முட்டி வலியோடு தொண்ணூற்றாறு படிகள் ஏறி, இரண்டாவது பாட்டு முடிகிற நேரத்தில் மூச்சிரைக்க உள்ளே வருவாள்.

போதகருக்கு இது பிரசங்கத்துக்கு அகப்பட்ட விருந்து. “பாருங்க, மோசே மலை ஏறின மாதிரி சிஸ்டர் ஏறி வராங்க. நம்மகிட்ட அந்த வைராக்கியம் இருக்கா?”

சபை உருக்கமாக “இல்லை” என்று சொல்லிவிட்டு, ஆராதனை முடிந்ததும் லிஃப்டிலேயே இறங்கிப் போகும்.

இரட்சிப்பின் ஆண்டு விழாவுக்கு பேனர் தயாராயிற்று. திறந்த லிஃப்ட் கதவு, உள்ளேயிருந்து பொங்கும் ஒளி, நடுவில் லிஃப்ட்காரர். கணவரிடம் கண்ட மாற்றத்தைப் பற்றி மனைவியும் பேச வேண்டும் என்றார் போதகர். சனிக்கிழமை காலை அவள் ஏழாவது வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது லிஃப்ட்காரர் மெல்லப் பேச்சை எடுத்தார்.

“மூணு நிமிஷம் போதுமாம். கொஞ்சம் அழுதா நல்லாருக்கும்னார். கட்டாயமில்ல.”

“என்ன சொல்லணும்?”

“நான் அடியோட மாறிட்டேன்னு.”

“குடிக்கறதில்ல. அதுக்கு தினமும் நன்றி சொல்றேன். அதை மேடையிலயும் சொல்றேன்.”

“அவ்வளவுதானா?”

“மிச்சத்துக்கு என்னைப் பொய் சொல்லச் சொல்றீங்களா?”

லிஃப்ட்காரர் பெருந்தன்மையாகச் சிரித்தார். “உனக்கு விசுவாசம் கம்மி.”

“கடவுள்மேல நிறைய இருக்குங்க. உங்க கையெழுத்துமேலதான் இல்ல.” இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். “நான் எதுக்குப் படியேறி வரேன்னு நினைச்சீங்க?”

“முட்டிக்கு நல்லதுன்னு...”

“நல்லா சொன்னீங்க போங்க! கல்யாணமான புதுசுல நீங்கதானே சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க, லிஃப்ட் குழியில எவன் இறங்குவான், வாட்ச்மேன் நாற்காலியில உட்கார்ந்தே கையெழுத்துப் போட்டுடலாம்னு? அன்னைக்கிலேருந்து நீங்க பார்க்கற லிஃப்ட் எதுலயும் நான் ஏறினதில்ல. மாறியிருப்பீங்களோன்னு போன வாரம் வெளியில நின்னே லிஃப்ட்ல மாட்டியிருக்கற சோதனைக் கார்டைப் படிச்சேன். இன்னும் பொறக்காத ரெண்டு மாசத்துக்கும் ‘சோதித்தேன், நன்றாக உள்ளது’ன்னு போட்டு வச்சிருக்கீங்க. தீர்க்கதரிசன வரமும் வந்துடுச்சா?”

லிஃப்ட்காரர் இந்த ஒரு வருடத்தில் தன் பாவங்களையெல்லாம் மேடையில் ஒப்புவித்துவிட்டதாக நினைத்திருந்தார். சுவைக்காக, செய்யாத இரண்டு பாவங்களையும் சேர்த்திருந்தார். இது மட்டும் அந்தப் பட்டியல் பக்கமே வரவில்லை. இது பாவமில்லையே, வேலையாயிற்றே.

மாதம் ஒரு முறை லிஃப்டை நிறுத்த வேண்டும். மொட்டை மாடியில் பிரேக்கைப் பார்க்க வேண்டும். கயிறு அறுந்தால் பெட்டியைக் கவ்விப் பிடிக்கும் இரும்புப் பிடியை, கீழே குழியில் இறங்கிச் சோதிக்க வேண்டும். பிறகுதான் கார்டில் கையெழுத்து.

அவர் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு சபைக் கட்டடத்துக்குக் கிளம்பினார்.

குழியில் கணுக்கால் அளவு தண்ணீர். ஒரு குழந்தைச் செருப்பும் நனைந்த பாட்டுத் தாளும் மிதந்தன. தலைக்கு மேலே பெட்டியின் அடிவயிறு. இரும்புப் பிடி துருவேறி இறுகிக் கிடந்தது. இரண்டு கைகளாலும் இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. ஞாயிறுதோறும் சபைப் பிள்ளைகள் இந்தப் பெட்டிக்குள் குதித்துக்கொண்டு போவார்கள். அதே நேரத்தில் மேலே அவர், கர்த்தர் தன்னைத் தூக்கிவிட்ட கதையை மைக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்.

தண்ணீரிலேயே மண்டியிட்டார். ஜெபத்துக்கு எப்போதும் தயாராக இருக்கும் அடுக்குமொழி ஒன்றும் வரவில்லை.

“ஆண்டவரே, நான் பொய்யன்” என்றார். பதிலுக்கு அல்லேலூயா சொல்ல அங்கே ஆள் இல்லை.

லிஃப்டை நிறுத்திப் பூட்டிவிட்டு கம்பெனி மேனேஜருக்குப் போன் செய்தார்.

“வெளியில சொல்லாதீங்க, திங்கட்கிழமை சத்தமில்லாம சரி பண்ணிடலாம். சொன்னா வேலை போயிடும்யா!”

“இது ஒண்ணு மட்டும் இல்ல சார். இன்னும் பதினேழு இருக்கு. எல்லாத்தையும் நிறுத்தணும்.”

மறுநாள் சபை முழுவதும் படியேறியது. நான்காவது மாடித் திருப்பத்தில் உட்கார்ந்துவிட்ட போதகருக்கு மோசேயின் ஞாபகம் வந்ததாகத் தெரியவில்லை.

லிஃப்ட்காரர் கிரீஸ் படிந்த நீலச் சட்டையோடு பேனருக்கு முன்னால் நின்றார்.

“போன வருஷமே முழுசா மாறிட்டேன்னு சொன்னேன். அது பொய். பார்க்காத லிஃப்டைப் பார்த்தேன்னு கையெழுத்துப் போட்டு, உங்க பிள்ளைங்களை அதுல ஏத்திவிட்டேன். என் வீட்டுக்காரிக்குத் தெரியும். அதான் படியேறி வந்தா. மன்னிச்சிடுங்க.”

பழக்கதோஷத்தில் “ஸ்தோத்...” என்று ஆரம்பித்த போதகர் மீதியை விழுங்கிக்கொண்டார். ஒரு தாய் தன் பிள்ளையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். மனைவியை யாரும் பேச அழைக்கவில்லை. அவளாக எழுந்து வந்து ஒரு டம்ளர் தண்ணீரை அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

வேலை போகவில்லை, பதவி போயிற்று. தான் தொழில் கற்றுக்கொடுத்தவனுக்குக் கீழே வேலை பார்த்தார். பதினெட்டுக் குழிகளிலும் இறங்கினார். வாசலில் நிற்க வைத்துத் திட்டியவர்களிடம் “நீங்க சொல்றது சரிதான்” என்றார். போன் அடித்தால், “ஹலோ, எந்த மாடி?”

நான்காவது மாதம், ஒரு ஞாயிறு காலை. மனைவி படிப்பக்கம் திரும்பியவள், நின்று, லிஃப்ட் கார்டைப் படித்தாள். புதுக் கார்டு. அந்த மாதத்துக்கு மட்டும் கையெழுத்து.

“குழியில இறங்கினீங்களா?”

“நேத்து.” சிராய்ந்த முழங்கையைக் காட்டினார்.

அவள் உள்ளே ஏறி, அவர் சட்டைக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். ஐந்தாவது மாடி வரும்வரை விடவில்லை. கதவு திறந்தபோது அப்போதுதான் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் பாட்டே ஆரம்பிக்கவில்லை.

“சீக்கிரம் வந்துட்டோம்” என்றாள்.