முந்தின பெண்ணின் எழுத்து

“பொறந்தவுடனே ஒரு ஜீரோவைப் போட்டுடுங்கறேன், அவ்ளோதான், அதுக்கு மேல—”

“போட்டுட்டா ஆச்சா ஹரி, அப்புறம் தப்பு எங்க இருக்குன்னு எவன் கண்டு—”

“தப்பே இருக்காது மேடம், அதைத்தானே நான்—”

“இருக்கும். இருக்கும், ஆனா தெரியாது. கொஞ்சம் வாயை மூடிண்டு கேளேன்—”

இரண்டு குரல்களும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன, ரூத்துக்கு இரண்டும் கேட்டன, இரண்டும் சரி என்றும் பட்டது, ஆனால் எதுவும் உள்ளே போய்த் தங்கவில்லை, தேநீரின் மேல் ஆடை படிந்துவிட்டது, அதை எடுத்துப் போட்டுவிட்டுக் குடிக்கலாம், ஆனால் விரல் அசையவில்லை, அசை என்று யார் சொல்லவேண்டும் அதற்கு... மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த விடுதி என்று பெயர், கூட்ட அறைக்கு ஜன்னலே கிடையாது, ஏசி மட்டும் உறுமுகிறது, அதையும் மீறி வெளியே சாலையோரப் பட்டறைகளின் உளிச்சத்தம் வருகிறது, டக் டக், டக் டக், நின்று, மறுபடி டக். மேசையைச் சுற்றி நாலு பேர். தலைமாட்டில் வேதாந்தம் சார், ஓய்வுபெற்ற பேராசிரியர், கண்ணை மூடியிருக்கிறார், தூக்கமா யோசனையா என்பது அவருக்கே தெரியாது. சண்டை போடுகிற இருவரில் ஹரிசங்கர் கம்பெனிக்காரன், சாருலதா இருபது வருஷமாகப் பிழை தேடுவதையே தொழிலாக வைத்திருப்பவள். நாலாவது ரூத். ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் தெரிவது அவள் எழுதிய பகுதி. கணினி மொழிகளில் எங்கெங்கே கால் இடறும், எப்படி இடறாமல் நடப்பது என்று பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு வழிகாட்டி எழுதுகிறார்கள், இந்தியாவின் கருத்து இன்று சாயங்காலம் போயாகவேண்டும், மற்ற பகுதிகளெல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டன, இது ஒன்றுதான் நிற்கிறது, தொடக்க மதிப்பு கொடுக்காத மாறிகள், தன்னுடையதுதான் நிற்கவேண்டுமா, நிற்கட்டும்.

படூர் காலேஜில் பிள்ளைகளுக்கு இதை லாட்ஜ் அறை என்றுதான் சொல்லிக்கொடுப்பாள். ஒரு மாறிக்குப் பேர் வைக்கிறீர்கள், கணினி அதற்கு நினைவகத்தில் ஒரு அறையைக் கொடுக்கிறது, ஆனால் பெருக்கித் துடைத்துக் கொடுப்பதில்லை, முன்னால் தங்கிப் போனவன் விட்டுப்போன எண்ணெய்ப் புட்டி, பாதி சோப்பு, எல்லாம் அங்கேயே கிடக்கும், நீங்கள் எதையும் வைக்காமல் அந்த அறையைத் திறந்து பார்த்தால் அவன் புட்டியை உங்கள் புட்டி என்று நினைத்துத் தலையில் தடவிக்கொள்வீர்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த எண்ணோடு நிரல் ஓடும், வருஷக்கணக்கில்கூட ஓடும், அதுதான் ஆபத்து, என்பாள், கரும்பலகையில் ஆபத்து என்று எழுதி அடியில் கோடு போடுவாள். அதற்குத்தான் ஹரி சொல்கிறான், அறை கொடுக்கும்போதே ஒரு பூஜ்யத்தை வைத்துவிடு, பழைய குப்பை போய்விடும். சாருலதா சொல்கிறாள், பொய்யாக ஒன்றை வைத்தால் சோதனை செய்கிற கருவி ஏமாந்துபோகும், ஏதோ இருக்கிறது, சரி என்று தாண்டிப் போய்விடும், காலியாக விடு, அது அப்பொழுதே கத்தும், இங்கே ஒன்றுமில்லை என்று கத்தும், யாராவது வந்து உண்மையான மதிப்பைத் தேடுவார்கள்...

“எல்லார்கிட்டயும் அந்தக் கருவி இருக்கா சாரு மேடம்? கும்மிடிப்பூண்டில ஒருத்தன் மெஷினுக்கு எழுதறான், அவன்கிட்ட இருக்கா?”

“இல்லேன்னா வாங்கச் சொல்லு.”

“ரெண்டையும் எழுதிடலாமே...” கண்ணைத் திறக்காமல் வேதாந்தம் சார்.

“வழிகாட்டின்னா ஏதாவது ஒரு வழியைக் காட்டணும் சார்.”

சாருலதா சொன்னதைக் கேட்டு அவரே சிரித்தார். ரூத்தும் சிரிக்கவேண்டிய இடம், உதடு போனது, சிரிப்பு கூடப் போகவில்லை. கைபேசி மேசைமேல் அதிர்ந்து வட்டமடித்தது. கல் பட்டறை எல்லப்பன். காலையில் வரும்போதே அங்கே இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள், கறுப்புக் கல், பளபளப்பு, தன் முகமே தெரிந்தது, சந்திரம்மா என்று அம்மாவின் பெயரை வெட்டியாகிவிட்டது, பிறப்பு, இறப்பு, கீழே கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், எல்லாம் ஆகிவிட்டது, நடுவில் ஒரே ஒரு வரிக்கு மட்டும் சாக்பீஸால் கோடு போட்டு விட்டுவைத்திருந்தான். “எல்லாக் கல்லுலயும் கீது மேடம், இன்னாரு மனைவின்னு. உங்க இனிஷியலு கே தானே? அப்பா பேரு இன்னா, கண்ணனா, கோவிந்தனா? கோவிந்தன்னா அது ஜீ ஆச்சே...” அவனே கேள்வி கேட்டு அவனே சிரித்துக்கொண்டான். போன்ல சொல்றேன் என்று வந்துவிட்டாள். மதியம் வண்டி செய்யூருக்குக் கிளம்புகிறது, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குக் கல் நட்டிருக்கவேண்டும். அதிர்வு நின்றது. மறுபடி கூப்பிடுவான்.

கே. அந்தக் கே எப்படி வந்தது என்று அவளுக்குத் தெரியும், அவள் அங்கேதான் நின்றிருந்தாள், அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு. செய்யூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம், சேர்க்கை நாள், வரிசை, மழை பிடித்துக்கொண்டு ஓட்டுக் கூரை ஒழுகியது, வாத்தியார் மேசையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுத்துக்கொண்டே எழுதினார். முன்னால் நின்றவள் அம்சா. அப்பன் பேரு? கருப்பனுங்க. கே. அம்சா, போய் உக்காரு. அடுத்து? ரூத்துங்க. அப்பன் பேரு இன்னா? அம்மா கால் கட்டைவிரலைப் பார்த்தாள், நகத்தில் வேர்க்கடலைக் காட்டு மண். கேக்கறேன்ல, இன்னா? மழை இரைந்தது, மேசைமேல் சொட்டியது, வாத்தியார் சனியன் என்று கூரையைத் திட்டிக்கொண்டே நிமிர்ந்தார், குனிந்தார்... கே. ரூத்து, போய் உக்காரு. அம்மா வாயைத் திறக்கவில்லை. யார் தப்பு அது, மழையின் தப்பா. முன்னால் போனவள் விட்டுப்போன எழுத்து அந்த இடத்திலேயே கிடந்தது, ரூத் போய் அதில் உட்கார்ந்தாள்.

அம்சாவுக்கு அது தெரியும், பள்ளி முடியும்வரை விடவில்லை. “எங்க நைனா எழுத்த வெச்சிகினு பரிட்ச எழுதறியே, எனுக்குப் பாதி மார்க்கு குடுடி.” சிரிப்பாள், சிரித்துக்கொண்டே புளியங்காயில் பாதியைக் கடித்துக் கொடுப்பாள். கருப்பன் மாமாவும் ஒருநாள் தெருவில் நிறுத்தி, இன்னா எம்பொண்ணே என்றார், கேலிதான், ஆனால் அன்றைக்கு ரூத் அவரைப் பார்த்துக்கொண்டே நடந்து முள்வேலியில் மோதினாள். பிறகு கல்லூரி, வேலை, ஊரப்பாக்கத்தில் வீடு, கல்யாணம் ஆகியிருந்தால் எழுத்து மாறியிருக்கும், ஆகவில்லை, கே அப்படியே இருந்தது, நன்றாகவே ஓடியது. வெளிநாட்டில் இந்த வழிகாட்டிக்கான முதல் கூட்டத்துக்குப் போனபோது எழுத்து மட்டும் போதாது, விரித்து எழுது என்றார்கள், எழுதினாள், வேறு என்ன எழுதுவது. கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள், ரூத் கருப்பன். இடைவேளையில் யாரோ பின்னாலிருந்து மிஸ் கருப்பன், மிஸ் கருப்பன் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவள் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள்... அங்கே உட்கார்ந்துதான் இந்தப் பகுதியின் முதல் வரைவை எழுதினாள். பெயர் வைக்கும்போதே ஏதேனும் ஒரு மதிப்பைக் கொடுத்துவிடுவது நல்லது. சுவரில் இப்பொழுது தெரிகிற வரி அதுதான். ஏதேனும் ஒரு. யார் எழுதியது இது, இவ்வளவு சுலபமாக.

செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அம்மா கட்டிலில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நல்ல நினைவு இருந்தது, கடைசிவரை. “இன்னா வேல அது, எந்நேரமும் பொட்டியத் தொறந்து வெச்சிகினு?” லாட்ஜ் அறைக் கதையை அம்மாவுக்கும் சொன்னாள், பேரு வெக்கும்போதே உள்ள ஒண்ணு வெச்சிடணும்மா, அதை ஊர் ஊருக்கும் சொல்ற வேல. “வெக்கலன்னா?” முன்ன இருந்தவங்க உட்டுட்டுப் போனது உள்ள கெடக்கும். அம்மா சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள், நர்ஸ் வந்து பாட்டிலைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனாள், தூங்கிவிட்டாள் என்று ரூத் மடிக்கணினியை மூடப்போனாள்.

“அதுவும் ஓடும்ல?”

“இன்னாம்மா?”

“அப்டி கெடக்கறத வெச்சிகினும் ஓடும்ல?”

“ஓடும்மா.”

“அப்பறம் இன்னா.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கஞ்சி வேண்டும் என்றாள், உப்பு போதவில்லை என்றாள், போய்விட்டாள். கல்லறையில் மண் தள்ளியபோது ரூத் அழவில்லை, அம்சாதான் எங்கிருந்தோ வந்து அழுதாள், அம்சாவின் தோளைத் தட்டிக்கொடுத்தது ரூத். இன்றும் அழுகை இல்லை, காது மட்டும் கேட்கிறது, ஹரி ஏதோ சொல்ல சாருலதா மேசையைத் தட்டுகிறாள், கிண்ணம் குலுங்குகிறது. காலியா இருந்தாத்தான் ஹரி அது கேக்கும், ஒண்ணைப் போட்டு அடைச்சுட்டா எதுக்குக் கேக்கப்போறது... கேட்கும். கே என்பதே கேள் என்ற சொல்லை யாரோ பாதியில் நிறுத்தியதுபோலத்தானே இருக்கிறது. ஆஸ்பத்திரியில் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாளா. அப்பறம் இன்னா என்பது முடிப்பா, அல்லது கேள்வியா, அதற்குமேல் ஒரு வார்த்தை ரூத் கேட்டிருந்தால்... ஊர் கேட்கவில்லை, ஆபீஸ் கேட்கவில்லை, அங்கே கே இருந்தது. அவளும்தான் கேட்கவில்லை. சின்ன வயதில் அடம்பிடித்து, அழுது, அப்பன் யாரென்று ஒருதரம்கூட. தேவைப்படவில்லையே, அந்த இடத்தில் ஒன்று இருந்ததே. ஒன்றுமே இல்லாமல் இருந்திருந்தால் கத்தியிருப்பாளா? அம்மாவுக்குப் பதில் இருந்திருக்குமா, இருந்தது நல்ல பதிலாக இருந்திருக்குமா, யார் கண்டது. இனி அந்த அறையைத் திறக்க ஆள் இல்லை.

“ரூத்.” வேதாந்தம் சார் கண்ணைத் திறந்திருந்தார். “உங்க பகுதி. இவா ரெண்டு பேரும் விடமாட்டா. நீங்களே சொல்லிடுங்கோ, நீங்க சொல்றதை அப்படியே அனுப்பிடறேன். ஏதாவது போடச் சொல்லலாமா, காலியா விடச் சொல்லலாமா?”

இரண்டு பேரும் இவளைப் பார்த்தார்கள். கைபேசி மறுபடி வட்டமடித்தது, கிண்ணத்தில் போய் முட்டியது, ஒரு நிமிஷம் என்று சொல்ல நினைத்தாள், சொன்னாளா தெரியவில்லை, எடுத்துக் காதில் வைத்தாள். காதுக்குள் உளிச்சத்தம், அறைக்கு வெளியிலிருந்தும் அதே உளிச்சத்தம், ஒன்று கொஞ்சம் பிந்தி.

“மேடம், எல்லப்பன். வண்டிக்காரன் கூவிகினு கீறான், பேஜாரு புட்ச்சவன். இன்னா பண்ணட்டும் சொல்லு. கே-ன்னு ஒரு எழுத்து மட்டும் அடிச்சு உட்டுடட்டா? பார்க்க நல்லாத்தான் இருக்கும், யாருக்கும் வித்தியாசம் தெரியாது. இல்ல காலியா உட்டுடட்டா? மேடம்? கீறியா?”

ஹரி ஏதோ சொல்ல வாயெடுத்தான். சாருலதா அவன் கையை அழுத்தினாள், பேசாதே என்று. சுவரில் அந்த வரி, அதன் முனையில் கோடு விட்டுவிட்டு மின்னியது. ரூத் எழுந்து நின்றிருந்தாள், எப்பொழுது எழுந்தாள், கைபேசி காதில்தான் இருந்தது, கண் சுவரில் இருந்தது, யாரைப் பார்த்துக் கேட்கிறாள் என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எல்லப்பனுக்கும் தெரியவில்லை.

“காலியா உட்டா... யாராவது கேப்பாங்களா?”