ஒன்பதாவது தடவை

1

இந்தக் கதை எனக்கு ஒரு பொரித்த கோழிக் கடையில் கிடைத்தது. கடையின் பெயரைச் சொல்லமாட்டேன். அதைச் சொல்ல ஏற்கெனவே அவர்களிடம் ஒரு விளம்பரக் கரடி இருக்கிறது, நான் வேறு எதற்கு?

என் மகளுக்கு ஏழு வயது. பெட்டிச் சாப்பாட்டோடு தொப்பி போட்ட கரடி பொம்மை தருகிறார்கள் என்று ஆரம்பித்தாள். முடியாது என்றேன். கடை வாசலிலேயே நின்று மல்லுக்கட்டினோம். கடைசியில் உள்ளே போனோம். வரிசையில் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றவர் கையில், கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஏறும் சின்னக் கருவி ஒன்று இருந்தது. ரொம்பப் பணிவாகச் சொன்னார்:

"ஒன்பது, மேடம். உங்க பொண்ணு ஒன்பது தடவை கேட்டா. கவலைப்படாதீங்க, சராசரிதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைப்போல் கண்டிப்பான தாய் கிடையாது என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். சராசரியாமே!

["அம்மா, இங்க வாயேன்! பல்லு ஆடுது, வந்து பாரேன்!"
"இதோ வர்றேன்டி கண்ணு. ரெண்டே நிமிஷம்."]

மன்னிக்கவும், பக்கத்து அறை. கதைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

2

பக்கத்து மேசையில் உட்கார்ந்து அவரே சொன்னார். விளம்பர நிறுவனத்தில் வேலை. வேலை என்றால், எண்ணுவது. ஒரு பிள்ளையையும் பெற்றவரையும் ஓர் அறையில் விடுவார்கள். சுவரில் பெரிய கண்ணாடி. அறைக்குள்ளிருந்து பார்த்தால் நம் முகம்தான் தெரியும். அந்தப் பக்கம், அவர்களைப் பார்த்தபடி இவர் உட்கார்ந்திருப்பார். பிள்ளை ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் ஓர் அழுத்து.

"ஆறாவது தடவையோட பிள்ளைங்க சோர்ந்துபோய் விட்டுடும் மேடம். ஆனா பெத்தவங்க விழறது ஒன்பதாவதுலதான். நடுவுல மூணு தடவை இடிக்குது. அந்த மூணைத் தாண்ட வைக்கிறதுக்குத்தான் விளம்பரம்."*

அந்தக் கரடியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். குதிக்கும், விழும், எழுந்து நம்மைப் பார்த்து "இன்னொரு தடவை!" என்று கத்தும்.

"குதிக்கத்தான் சொல்லுதுன்னு நீங்க நினைப்பீங்க. பிள்ளைங்களுக்குப் புரியும்." கொஞ்சம் வெட்கப்பட்டார். "அந்த வரி என்னோடது."

பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நடந்தது இவ்வளவுதான். இதற்கு மேல் வருவதெல்லாம் என் கைச்சரக்கு.

["அம்மா, நாக்கால தள்ளினாலே ஆடுது!"
"அப்படியா, சூப்பர். இதோ வந்துட்டேன்."]

* இந்த எண்களை நான் எங்கேயும் சரிபார்க்கவில்லை. என் வீட்டுக்குப் பொருந்துகிறது. அது போதும்.

3

முதல் தொடக்கம்: அந்தச் சனிக்கிழமை காலை விடாமல் மழை பெய்துகொண்—

வேண்டாம். எனக்குத் தொடக்கம் கிடைக்காத கதைகளில் எல்லாம் மழை பெய்கிறது.

இரண்டாவது: எண்ணுவது அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே—

ஆமாம், முதலில் அவரைப் பெண்ணாக்கித்தான் எழுதினேன். இரண்டு பக்கத்தில் நிறுத்திவிட்டேன். வேலை வேலை என்று ஓடும் தாய் என்றதும் நீங்கள் அவளைத் திட்ட ஆரம்பித்திருப்பீர்கள். மழுப்பாதீர்கள், நானே ஆரம்பித்துவிட்டேன். தகப்பன் என்றால், பாவம், குடும்பத்துக்காக உழைக்கிறார் என்பீர்கள். ஆகவே தகப்பனாகவே இருக்கட்டும்.

["அம்மா, நீ இழுக்கிறியா, நானே இழுக்கட்டுமா?"
"கை வைக்காதே! வர்றேன்னு சொன்னேன்ல?"]

4

அலுவலகத்தில் அவரை 'டிக்கு' என்பார்கள், கருவி போடும் சத்தத்தை வைத்து. கருவி கையில் இல்லாவிட்டாலும் டிக்குவின் கட்டைவிரல் சும்மா இருக்காது. "எத்தனை தடவை சொல்றது உங்களுக்கு?" என்று மனைவி கேட்டால், "நாலு" என்று உண்மையைச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார்.

ஒரே மகன், எட்டு வயது. சனிக்கிழமை பதினோரு மணிக்கு, முதல் தடவையாக மிதவை இல்லாமல் நீச்சல் குளத்தின் அகலத்தைக் கடக்கப்போகிறான். அதே சனிக்கிழமை காலையில்தான் கரடியின் புது விளம்பரத்துக்குச் சோதனை. இருபது பிள்ளைகள்.

திங்கட்கிழமை பல் துலக்கும்போது மகன் கேட்டான். "அப்பா, சனிக்கிழமை நீ வர்றியா?"

"பாக்கலாம்டா."

செவ்வாய்க்கிழமையும் கேட்டான். புதன்கிழமை, "நடுவுல ஆழம்ப்பா. நீ அந்தப் பக்கம் நின்னா நான் வந்துருவேன். வர்றியா?" என்றான். வியாழக்கிழமை டிக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தபோது, "வருவியாப்பா? வரலன்னாலும் பரவாயில்ல."

வெள்ளிக்கிழமை கேட்கவில்லை. அப்பாடா, புரிந்துகொண்டான் என்று டிக்கு நினைத்தார்.

["அம்மா, லேசா ரத்தம் வருது."
"தண்ணி ஊத்திக் கொப்புளி. இந்தப் பத்தி முடியட்டும்."]

சனிக்கிழமை, பத்து மணி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முதல் பிள்ளை, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி. கேட்டாள். அம்மா மறுத்தாள். டிக், டிக், டிக். ஆறாவது தடவை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். விட்டுவிடப் போகிறாள். அந்த நேரம் பார்த்து, அறையில் விளம்பரம் ஓடிய திரையில் கரடி விழுந்து எழுந்தது. "இன்னொரு தடவை!"

சிறுமி நிமிர்ந்தாள். ஏழு. எட்டு. ஒன்பது.

"சரி, வாங்கித் தொலைக்கிறேன்," என்றாள் அம்மா.

டிக்குவின் பின்னால் எல்லாரும் கைதட்டினார்கள். மேலாளர் முதுகில் ஓங்கித் தட்டினார். "பெரிய ஆளுய்யா நீ!"

டிக்குவின் கட்டைவிரலுக்கு மட்டும் வேறு ஓர் எண் ஞாபகம் வந்தது. நாலு. தன் பிள்ளை நாலு தடவைதான் கேட்டிருக்கிறான். தொழில் புத்தி, முதலில் அவருக்கு அவமானமாகத்தான் இருந்தது: என் பிள்ளை சராசரிக்கும் கீழேயா? பிறகுதான் உறைத்தது. கோழிக்கு என்றால் ஒன்பது வரை கேட்கச் சொல்லிக் கொடுத்தாகிவிட்டது. அப்பா வேண்டும் என்று கேட்க அவனுக்கு எந்தக் கரடியும் சொல்லித்தரவில்லை.

மணி பத்து இருபது. குளத்துக்குப் போக நாற்பது நிமிடம். இன்னும் பத்தொன்பது பிள்ளைகள் வெளியே காத்திருக்கிறார்கள்.

["அம்மா, ரெண்டு நிமிஷம் ஆயிடுச்சு."
"எனக்கும் மணி பாக்கத் தெரியும்டி!"]

5

முடிவு ஒன்று. கருவியை மேசையில் வீசிவிட்டு டிக்கு ஓடுகிறார். மகன் சுவரைத் தொடும் அந்த நொடியில் குளத்தின் அந்தப் பக்கம் நிற்கிறார். இருவரும் நனைகிறார்கள். எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது. இதுவும் விளம்பரம்தான், கரடி மட்டும் இல்லை.

முடிவு இரண்டு. டிக்கு போகவில்லை. சாயங்காலம் ஒரு பெட்டியும் பொம்மையும் வாங்கிப் போகிறார். மகன் நன்றி சொல்லி வாங்கிக்கொள்கிறான். இது நடக்கக்கூடியது. அதனால்தான் எழுதப் பிடிக்கவில்லை.

முடிவு மூன்று. டிக்கு எல்லார் முன்னாலும் மனம் திறந்து பேசுகிறார். "பிள்ளைங்க நம்மளத்தான் ரொம்பக் கம்மியா கேட்குதுங்க சார்." மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். "அருமைய்யா! 'அப்பா பெட்டி'ன்னே ஒண்ணு போட்டுரலாம். உள்ள ரெண்டு பொம்மை."

இந்த மூன்றாவது எனக்குப் பிடித்திருந்தது. சிரித்துக்கொண்டே—

["அம்மா?"
"முடிவு எழுதிட்டிருக்கேன். முடிச்சதும் உன்கிட்டதான் வரப்போறேன்."]

6

வீடு அமைதியாகிவிட்டது. நல்லது, இனிமேல் நிம்மதியாக எழுதலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். ஒரு பத்தி எழுதினேன், அடித்தேன். இன்னொன்று எழுதினேன். அமைதி கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

மேலே போய்ச் சதுர அடைப்புக்குறிகளை எண்ணினேன். நீங்களும் எண்ணிப் பாருங்கள், என் கணக்குத் தப்பு என்றால் சந்தோஷப்படுவேன்.

ஆறு.

கோழிக்கு ஒன்பது. ஆடுகிற பல்லுக்கு ஆறு. சராசரிப் பிள்ளைதான், அந்த மனிதர் சரியாகத்தான் சொன்னார்.

இன்னொரு தடவை கூப்பிடேன்டி. ஒரே ஒரு தடவை. காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

கூப்பிடவில்லை.

டிக்குவைக் கண்ணாடிக்குப் பின்னால், பத்து இருபதிலேயே நிறுத்திவைத்திருக்கிறேன். அவரை அனுப்புவதோ உட்கார வைப்பதோ உங்கள் பாடு. என்னிடம் கேட்காதீர்கள். பக்கத்து அறை நாலு எட்டுதான், நான் போய் அவள் பல்லை—