கேட்டருகே சிக்கிய கோடு

மருந்துக்கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கடைக்கார அம்மையார் கணினிக்கு முன்னால் அமர்ந்தார். மறுநாள் காலையில் சைக்கிள் குழுவினர் செல்லவிருந்த பாதை, திரையில் நீலக் கோடாக நெளிந்து கிடந்தது. தார்ச்சாலையை விட்டு விலகி, சரளைக்கல்லும் மண்ணும் கலந்த பாதைகளில் தடித்த டயர் சைக்கிளை மிதிப்பதையே பேரின்பமாகக் கொண்ட குழு அது. ஆற்றங்கரையில் தொடங்கி, சோள வயல்களின் ஊடே சென்று, காட்டுக்குள் புகுந்து, மீண்டும் ஆற்றுக்கே வந்து சேரும் வழிகளை அவர்களுக்கு வகுத்துத் தருபவர் இவரே. குழுவில் சிறியவர் பெரியவர் அனைவருக்கும் இவர் மருந்தக்கா.

வழி வகுப்பதற்கு ஒரு முறை உண்டு. சில நாட்கள் முன்பே தாமே தனியாக ஓட்டிப் பார்ப்பார். கைப்பிடியில் பொருத்திய சிறு ஜிபிஎஸ் கருவி, போன இடமெல்லாம் கோடு இழுத்துக்கொண்டே வரும். அதற்கு மனிதரின் சங்கடங்கள் புரியாது. காற்றில் பறந்த தொப்பியை விரட்டிக்கொண்டு ஆற்று மணலில் ஓடினால் அதையும் வரையும். நாய் துரத்தி வந்த வழியே திரும்பினால் அதையும் வரையும். ஆகையால் இத்தகைய உதிரிக் கோடுகளை அழித்துச் சுத்தம் செய்த பிறகுதான் குழுவினரின் கருவிகளுக்கு அனுப்ப வேண்டும்.

தொப்பியை அழித்தார். நாயை அழித்தார். வயல் முடிந்து காடு தொடங்கும் இடத்தில், இடப்பக்கமாகப் பிரிந்து ஒரு கேட் வரை சென்று திரும்பும் கிளைக்கோடு மட்டும் மிஞ்சியிருந்தது. அதன் மேல் சுட்டியை வைத்தவருக்கு, ஏனோ, விரல் எழவில்லை. கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவைத்தார்.

அந்தக் கேட்டுக்குப் பின்னால் இருப்பது அவருடைய தம்பியின் நாற்றுப் பண்ணை. முன்பெல்லாம் அக்காவும் தம்பியும் சேர்ந்துதான் வழி வகுப்பார்கள். காட்டுக்குள் மேட்டுச் சரிவு வழியாக ஏற வேண்டும் என்று தம்பி ஒருமுறை பிடிவாதம் பிடித்தார். "நீ சொல்ற வழியில மாடுகூட ஏறாது" என்று கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் அக்கா சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எழுந்து போன தம்பி, மூன்று ஆண்டுகளாகத் திரும்பிப் பார்க்கவில்லை. அவனே பேசட்டும் என்று அக்காவும் வீம்பாக இருந்தார். அந்த வீம்பெல்லாம் கடையில் நிற்கும்போது மட்டுந்தான். சைக்கிளில் ஏறிவிட்டால் கால் தானாக அந்தக் கேட்டுக்குத்தான் மிதிக்கும். வேலியோரம் நிற்பார். கூப்பிடலாமா என்று நினைப்பார். வாய் வராது. திரும்பிவிடுவார்.

அப்போது ஷட்டருக்குக் கீழே ஒரு தலை தெரிந்தது. "அம்மா, குழந்தைக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. கொஞ்சம் பாருங்களேன்" என்றது. எழுந்து மருந்து எடுத்துக் கொடுத்து, எத்தனை வேளை என்று சொல்லி அனுப்பிவிட்டு வந்தவர், எல்லாம் அழித்தாயிற்று என்ற நினைப்பில் பாதையை அனுப்பிவைத்தார்.

மறுநாள் வயல்வெளியில் இதமான வெயில். வழி வகுத்தவர் கடைசி ஆளாகத்தான் வர வேண்டும் என்பது குழுவின் வழக்கம். பாதை யார் யாரை என்ன பாடு படுத்துகிறது என்று அப்போதுதான் தெரியும். மருந்தக்காவுக்குத் துணையாக, நிதானமே உருவான தையல்கார அம்மாள் வந்துகொண்டிருந்தார். எல்லோருக்கும் முன்னால் போனவர் பல் மருத்துவர். அவர் குழுவுக்குப் புதியவர்; நேரில் யார் வழி சொன்னாலும் கருவியை ஒருமுறை கேட்டுக்கொண்டுதான் நம்புவார்.

திடீரென்று தையல்கார அம்மாள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"என்னக்கா இது, எல்லாரும் இடது பக்கம் திரும்புறாங்க? காடு நேராத்தானே இருக்கு?"

மருந்தக்கா மிதியை அழுத்தினார். "ஐயய்யோ, அழிக்காம விட்டுட்டேனே!"

"எதை?"

"பேசாம வேகமா மிதிங்க."

"அந்தப் பக்கம் உங்க தம்பி பண்ணையில்ல இருக்கு?"

"அதனாலதானே வேகமா மிதிக்கச் சொல்றேன்!"

கூவிப் பார்த்தார். கையை ஆட்டிப் பார்த்தார். முன்னால் எழுந்த புழுதியில் ஒருவர் தலையும் திரும்பவில்லை.

அவர்கள் போய்ச் சேர்வதற்குள், திறந்திருந்த கேட் வழியாக நுழைந்து, குழுவினர் அத்தனை பேரும் நாற்றுப் பைகளுக்கு நடுவே சைக்கிளோடு நின்றிருந்தார்கள். கையில் ரப்பர் குழாயுடன் தம்பி திகைத்துப்போய் நின்றார்.

"என்னங்க இது, எல்லாரும் இங்க வந்து நிக்கிறீங்க? பையை மிதிச்சிடாதீங்க, கன்னு இப்பத்தான் வேர் பிடிச்சிருக்கு!"

"கோவிச்சுக்காதீங்க சார்" என்றார் பல் மருத்துவர், மிகுந்த மரியாதையுடன். "மெஷின் இங்கதான் வரச் சொல்லுது. வந்து, நின்னு, அப்புறம் வந்த வழியே திரும்பிப் போகச் சொல்லுது. எங்களுக்கும் ஒண்ணும் புரியல. நீங்களே பாருங்க."

தம்பி குனிந்து திரையைப் பார்த்தார். எத்தனையோ கோடுகளைத் தம் கையால் சுத்தம் செய்தவர் அவர். ஓடும் சைக்கிள் இழுக்கும் கோடு தெளிவாக இருக்கும். ஓரிடத்தில் நின்றுவிட்டாலோ, கருவிக்கு அந்த இடம் பிடிபடாமல், இங்கும் அங்குமாக இழுத்து, சிக்கிய நூல்கண்டு போல ஆக்கிவிடும். நிற்க நிற்கச் சிக்கல் பெரிதாகும். அவருடைய கேட்டுக்கு நேர் எதிரே, வேலியோரத்தில், கோலிக்குண்டு அளவுக்கு ஒரு சிக்கல் கிடந்தது.

நிமிர்ந்தபோது, கேட்டருகே அக்கா மூச்சிரைக்க சைக்கிளை விட்டு இறங்கிக்கொண்டிருந்தார்.

"யாரு போட்ட வழி இது?" என்று கேட்டார் தம்பி, தெரிந்துகொண்டே.

"நான்தான்."

"இங்க எதுக்கு நின்ன?"

"தண்ணி குடிக்க."

"இந்தச் சிக்கலைப் பாத்தா, ஆத்தையே குடிச்சு முடிச்சிருக்கணும் நீ."

தையல்கார அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மருந்தக்கா சிரிக்கவில்லை.

"கூப்பிட வேண்டியதுதானே?" என்றார் தம்பி. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"கூப்பிட்டு, நீ வரலேன்னா?"

குழாய்த் தண்ணீர் தம்பியின் செருப்பின் மேலேயே ஊற்றிக்கொண்டிருந்தது.

"நீ உள்ள பம்ப்போட சண்டை போட்டுட்டிருந்த" என்று அக்கா தொடர்ந்தார். "'உனக்கு என்னதாண்டா வேணும், வாயைத் தொறந்து சொல்லேன்'னு அதைப் போட்டுத் திட்டிட்டிருந்த. அந்தக் குரலைக் கேட்டதே போதும்னு போயிட்டேன்."

"மூணு வருஷமா அதுகூடத்தான் சண்டை. அதுக்கும் அலுத்துப்போச்சு."

"அன்னிக்கு நான் அப்படி எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கக் கூடாதுடா. தப்பு என் மேலதான்."

"இதையும் எல்லார் முன்னாடியும்தான் சொல்ற."

"நாங்க வேணும்னா அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிறோம்" என்றார் பல் மருத்துவர். சிலர் உண்மையாகவே திரும்பிக்கொண்டார்கள்.

தம்பி அப்போதுதான் குனிந்து, ஈரமான செருப்பைப் பார்த்து, குழாயை மடக்கிப் பிடித்தார். "தண்ணி வேணுங்கிறவங்க பாட்டிலைக் கொண்டாங்க" என்றார் பொதுவாக. பிறகு அக்காவைப் பார்க்காமலே, "நீ ஏன் வெளியவே நிக்கிற? உள்ள வா. சைக்கிளை நிழல்ல போடு, டயர் சூடாகுது" என்றார்.

பாட்டில்கள் நிறைந்தன. குழுவினர் நாற்றுகளுக்கு வலிக்காமல் ஒருவர் பின் ஒருவராக வெளியேறிக் காட்டை நோக்கிப் புறப்பட்டார்கள். கடைசி ஆளாக வரும் பொறுப்பைத் தையல்கார அம்மாள் ஏற்றுக்கொண்டார். "நான் எப்படியும் கடைசியாத்தான் வருவேன், புதுசா என்ன இருக்கு? நீங்க இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, போகும்போது மருந்தக்காவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

தம்பி இரண்டு முக்காலிகளை எடுத்து வந்து பம்ப்புக்குப் பக்கத்தில் போட்டார். அக்கா அந்தப் பம்ப்பைப் பார்த்தார். தம்பி அக்காவின் முழங்கால் சிராய்ப்பைப் பார்த்தார்.

"எங்க விழுந்த?"

"ஆத்து மணல்ல. தொப்பி பறந்துடுச்சு."

"தொப்பியையா துரத்துன? இந்த வயசுலயா?"

மருந்தக்கா பதில் சொல்வதற்குள் கைப்பேசி ஒலித்தது. பல் மருத்துவர்தான். "மருந்தக்கா, காட்டுக்குள்ள கோடு ஓடைக்குள்ள இறங்குது. கரை உடைஞ்சு கெடக்கு. மெஷின் இறங்குங்குது. இறங்கட்டுமா?"

அவர் வாய் திறக்குமுன் தம்பி கைப்பேசியை வாங்கிக்கொண்டார்.

"சார், அந்த மெஷினைக் கொஞ்ச நேரம் பைக்குள்ள வைங்க. வலது பக்கம் ஒரு ஒத்தையடிப் பாதை தெரியுதா? பட்டுப்போன மரம் ஒண்ணு சாஞ்சு கெடக்கும். ஆங், அதேதான். அது ஓரமாவே போங்க. ஓடை தானா குறுகிடும், தாண்டிடலாம். கடைசியா வர்ற அந்த அம்மாவை விட்டுட்டுப் போயிடாதீங்க."

கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தவர், முக்காலியை அக்காவின் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். முகத்தில் பழைய பிடிவாதம் அப்படியே வந்திருந்தது.

"முந்தாநாள் மாதிரி மழை பெஞ்சா அந்தக் கரை நிக்காது. அந்தப் பக்கம் வழி போடாதன்னு சொன்னா நீ கேக்க மாட்ட."

"நீ எங்கடா சொன்ன?" என்றார் அக்கா. "மூணு வருஷமா நீ ஒண்ணுமே சொல்லல. இப்ப சொல்லு."