இலக்கமிட்ட இலைகள்

காட்டு ஸ்ரோபெரிச் செடிகளின் மரபணு வரைபடத்தைப் போட்டு ஸ்கொட்லாந்தில் பட்டம் வாங்கிக்கொண்டு மக்டலீன் தன் கடற்கரை ஊரான குருநகருக்குத் திரும்பியபோது, ஸ்ரோபெரி என்றால் என்னவென்று கேட்கக்கூட ஊரில் எவருக்கும் நேரமிருக்கவில்லை. அடுத்த வருடமே யாழ்ப்பாணக் கோட்டையைச் சுற்றிச் சண்டை மூண்டது. அவளும், மனைவியை இழந்திருந்த தமையன் சிமியோனும் கடற்கரை வீட்டை விட்டுவிட்டுக் கோண்டாவிலில் ஒரு தோட்டக் காணிக்குக் குடிவந்தார்கள்.

கோண்டாவில் செம்மண்ணில் அப்போது கத்தரிக்கு வாடல் நோய். காலையில் நிமிர்ந்து நிற்கும் செடி மத்தியானம் வெந்நீர் ஊற்றியதுபோல் தொங்கிவிடும். மருந்து வர வழியில்லை, தெற்கிலிருந்து வரும் பாதை பூட்டியிருந்தது. வாடலுக்கு அசையாத ஒரு காட்டுக் கத்தரியை வேலியோரம் கண்ட மக்டலீன், அதை ஊர்க் கத்தரியோடு கலந்தாள். அந்தக் கலப்பின் பேரப்பிள்ளைச் செடிகள்தான் இப்போது காணி நிறைய நின்றன. ஒவ்வொன்றின் இலையிலிருந்தும் டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தால், எந்த அடையாளம் நோய் தாங்கும் குணத்தோடு சேர்ந்தே வருகிறதென்று கண்டுபிடிக்கலாம். அதற்கு மின்சாரம் வேண்டும். யாழ்ப்பாணத்தில் அது இல்லை. "காய்ந்த இலை வந்தாலே போதும், நான் பார்த்துத் தருகிறேன்" என்று ஸ்கொட்லாந்திலிருந்து அவளுடைய பழைய பேராசிரியர் எழுதியிருந்தார்.

"சேர்ந்து வாறதெண்டால்?" என்று சிமியோன் கேட்டார்.

"வலை கிழியேக்கை பக்கத்துப் பக்கத்து முடிச்சு ரெண்டும் ஒரு துண்டிலைதானே அண்ணை நிக்கும். தூரத்து முடிச்செண்டால் பிரிஞ்சு போடும். அதுதான்."

"ஓம், விளங்குது" என்றார் அவர். மீன்பிடித்து வாழ்ந்தவர்; இப்போது கடலுக்குப் போகத் தடை. வலையும் இல்லை. வலது கண்ணில் வெள்ளை படர்ந்திருந்தது.

அந்தக் கண்ணைக் காட்டி வெட்டத்தான் அவர் தொண்ணூற்று மூன்றில் கிளாலிக் கடலேரியை வள்ளத்தில் கடந்து கொழும்புக்குப் புறப்பட்டார். மக்டலீன் இலைகளைச் சிறு கடதாசி உறைகளில் போட்டு, ஒவ்வொன்றிலும் செடியின் இலக்கத்தை எழுதி, ஒரு பால்மா ரின்னில் அடுக்கினாள். ஈரம் பிடிக்காமலிருக்க அடியில் சுட்ட சுண்ணாம்பைப் பொடித்துப் பரப்பினாள். கொழும்பில் தபாலில் சேர்த்தால் போதும் என்றாள்.

வள்ளம் சுகமாகக் கரைசேர்ந்தது. பிடித்தது வன்னிக்கு அப்பால், ஆமியின் சோதனைச் சாவடியில். வெள்ளைத் தூள், இலக்கமிட்ட உறைகள், கடற்கரைத் தமிழன் ஒருவன். கூடப் போனவர்கள் திரும்பிவந்து சொன்னார்கள். மக்டலீன் பேராசிரியரின் கடிதத்தோடு இரண்டு தரம் சாவடிவரை போனாள். உள்ளே விடவில்லை.

அதற்குள் இன்னொருத்தியும் அவளைத் தேடி வரத் தொடங்கினாள். லூர்த்தம்மா, குருநகரில் பக்கத்து ஒழுங்கைக்காரி. சவர்க்காரம் கொண்டுவரப் போன அவள் புருசன் கிறகோரியையும் அதே சாவடியில் மறித்துப் பிடித்திருந்தார்கள். என்ன குற்றம் என்று எவரும் சொல்லவில்லை. "உங்களுக்குத்தான் அக்கா இங்கிலிசு வரும்" என்பாள். மக்டலீன் தன் அண்ணைக்கு ஒரு மனு எழுதினால், கிறகோரிக்கும் ஒன்று எழுதுவாள்.

வருடம் முடிய முன்னர் சிமியோனை விட்டார்கள். செஞ்சிலுவைக்காரர் கொண்டுவந்து இறக்கினார்கள். வெள்ளை படர்ந்த கண் அப்படியே இருந்தது. மற்றக் கண்ணும் மங்கியிருந்தது. இடது கை மடங்கவில்லை. உள்ளே என்ன நடந்ததென்று அவள் கிண்டிக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் லூர்த்தம்மா மனுவுக்காக வந்தாள். முற்றத்தில் அவள் கிறகோரியின் மனுவைப் பற்றிக் கேட்டது காதில் விழுந்ததும் சிமியோன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் போனபிறகு மக்டலீன் உள்ளே போனாள். அவர் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"கிறகோரியைப் பிடிச்சுப்போட்டாங்களோ?"

"ஓம் அண்ணை. நீங்கள் உள்ளுக்கு இருக்கேக்கை."

"நான்தான் பிள்ளை சொன்னனான்."

பிறகு எல்லாம் வந்தது. உறைகளை மேசையில் பரப்பி ஒவ்வொரு இலக்கமும் இயக்கத்தில் ஆர் என்று கேட்டார்களாம். கத்தரிச்செடி என்றதற்குத்தான் கை போனது. கடைசியில் இலக்கத்துக்கு ஒரு பெயர் சொல்லத் தொடங்கினார். உயிரோடு இருப்பவன் ஒருவனும் அகப்படக்கூடாதென்று கடலில் செத்துப்போனவர்களின் பெயராகப் பார்த்துச் சொன்னார்.

"செபமாலையின்ரை மோன் கிறகோரி. அவன் சின்ன வயசிலை கடலுக்குப் போய்த் திரும்பேல்லை. லூர்த்தம்மான்ரை மனிசனும் அதே பேரிலை இன்னொரு செபமாலையின்ரை மோன்தான் எண்டது அந்த நேரம் ஞாபகத்துக்கு வரேல்லை பிள்ளை."

அன்று மக்டலீன் சமைக்கவில்லை. இலக்கம் எழுதியது அவள் கை. இலக்கத்தோடு "கத்தரி" என்று ஒரு சொல்லை ஒவ்வொரு உறையிலும் ஆங்கிலத்தில் எழுத அவளுக்கு எவ்வளவு நேரம் போயிருக்கும்?

அடுத்த நாள் லூர்த்தம்மாவின் கொட்டிலுக்குத் தானே போய் எல்லாவற்றையும் சொன்னாள். லூர்த்தம்மா கத்தவில்லை, மண்ணள்ளித் தூற்றவுமில்லை. அடுப்பில் கொதித்த கஞ்சியை இறக்கி வைத்தாள்.

"எத்தினையாம் இலக்கம்?"

"முப்பத்தொண்டு."

"அப்ப அதை மனுவிலை எழுதுங்கோ அக்கா. பொய்ப் பேர் எண்டு எழுதுங்கோ."

"எழுதினால் அண்ணையைத் திரும்பப் பிடிப்பாங்கள்."

லூர்த்தம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். "என்ரை மனிசன் உள்ளுக்கு இருக்கிறாரே அக்கா" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து மக்டலீன் பேனையைத் தொடவில்லை. லூர்த்தம்மா கேட்டதை அறிந்த சிமியோன்தான் எழுத விடவில்லை. "கடுதாசியை ஆர் படிக்கிறாங்கள்? என்ரை வாயாலை சொன்னது, என்ரை வாயாலைதான் எடுக்கோணும்" என்றார். அவள் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "விடு பிள்ளை" என்றார். கோயிலில் ஞாயிறு பூசை கண்டு நற்கருணை வாங்கிய பிறகு, லூர்த்தம்மாவின் தோளில் கையை வைத்து வழி தடவியபடி சாவடிக்குப் புறப்பட்டார்.

லூர்த்தம்மா தனியே திரும்பிவந்தாள். சாவடியில் அவர் சொன்னதைக் கேட்டு எழுதிக்கொண்டு உள்ளே கூட்டிப் போனார்களாம்.

மழைக்காலத்தில் கிறகோரியை விட்டார்கள். சிமியோனை விடவில்லை. அப்படியொருவர் தங்களிடம் இல்லையென்று பதில் வந்தது. பேராசிரியர் இன்னொரு தரம் இலை அனுப்பச் சொல்லி எழுதினார். காணியில் வாடாமல் நின்ற செடிகள் ஏழெட்டுத்தான். மக்டலீன் அவருக்குப் பதில் போடவில்லை.

மாதாமாதம் அவள் சாவடிக்குப் போனாள். லூர்த்தம்மா அவளைத் தனியே விட்டதில்லை. வெயிலில் பக்கத்தில் நின்று குடை பிடிப்பாள். தொண்ணூற்றைந்து ஐப்பசியில் ஆமி நெருங்கி வர, ஊரே எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்தபோதும் இருவரும் ஒன்றாகவே நடந்தார்கள். கிறகோரி சைக்கிளில் மூட்டைகளைக் கட்டி முன்னால் உருட்டிக்கொண்டு போனான். வழியில் யாரோ, "உங்கடை ஆக்கள் எல்லாரும் வந்திட்டினமோ?" என்று கேட்டார்கள்.

"இல்லை" என்றாள் மக்டலீன். "ஓராள் வரவேணும்."