கேரியர் இல்லாத சைக்கிள்

நீலகிரியில் சைக்கிள் ஓட்டச் சொல்கிறவர்கள் யாரும் நீலகிரியில் சைக்கிள் ஓட்டியவர்கள் இல்லை. ஏற்றத்தில் நான் அதைத் தள்ளுவேன். இறக்கத்தில் அது என்னைத் தள்ளும். நடுவட்டத்தைச் சுற்றி எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போய், கொழுந்து பறிக்கும் பெண்களின் விரலில் ஊசி குத்தி, இரத்தசோகை இருக்கிறதா என்று மெஷினில் பார்த்துச் சொல்வது என் வேலை. இருக்கிறது. எல்லோருக்கும் இருக்கிறது. அதற்கு மெஷின் தேவையில்லை, கண் போதும். ஆனால் கண் சொன்னால் குன்னூரிலுள்ள டிரஸ்ட் ஆபீஸ் நம்பாது.

சைக்கிளை டிரஸ்டுக்கு யாரோ வெளிநாட்டுக்காரர்கள் கொடுத்தார்கள். கியர் உண்டு, கேரியர் கிடையாது. சாமான்கள் வைக்க ஒரு தோள்பை தந்தார்கள். அதன்மேல் டிரஸ்டின் முத்திரை: ஒரு கை, கைக்குள் ஒரு தேயிலை. நேரான ரோட்டில் அந்தப் பை இடுப்போரம் சாதுவாகக் கிடக்கும். நேரான ரோடு எங்கள் பக்கம் இல்லை. வளைவில் குனிந்தால் பை வழுக்கி முன்னால் வந்து முழங்காலை இடிக்கும், அப்புறம் ஹேண்டில்பாரை. அப்படி ஒரு வளைவில்தான் பையும் நானும் டீச்செடிக்குள் போனோம். எனக்குச் சிராய்ப்பு. மெஷின் செத்துப்போனது.

எங்கள் திட்ட அலுவலர் ஜஸ்டஸ் சாரிடம் கேரியர் கேட்டேன். கேரியர் வைத்தால் பை பின்னால் படுத்துக்கொள்ளும், முத்திரை யார் கண்ணிலும் படாது என்றார். அவர் கோயமுத்தூர்க்காரர். வேலையை விட்டுத் தூக்குவதானாலும் 'ங்க' போட்டுத்தான் தூக்குவார்.

“ஏனுங்க சுமலதா, இன்னொரு மெஷின் போச்சுன்னா என்னால பேச முடியாதுங்க. வேற புள்ளையத்தான் பாக்கோணும்.”

இந்த வேலை போனால் எனக்கு மிச்சம் இரண்டு இடம். ஒன்று, தோட்டத்தில் அம்மாவுக்குப் பக்கத்துக் கொழுந்து நிரை. இன்னொன்று, திருப்பூர் பனியன் கம்பெனி. இரண்டுக்கும் என் பி.எஸ்சி. விலங்கியல் வேண்டியதில்லை.

அதனால் மறுநாள் காலையில், அம்மா கூடையைத் தலையிலிருந்து தொங்கவிட்ட பழைய கயிற்றை எடுத்தேன். பையை முதுகோடு அணைத்து, மார்பில் குறுக்கே இழுத்து, இடுப்பில் முடிச்சுப் போட்டேன். குதித்துப் பார்த்தேன். அசையவில்லை.

எங்கள் லயத்தில் இதற்கு ஒரு சட்டம் உண்டு. சிலோனிலிருந்து எங்கள் ஆட்கள் திரும்பி வந்தபோது பெட்டியோடு சேர்த்துக் கொண்டுவந்தது. தோளில் தொங்கினால் அது உத்தியோகம். கணக்கப்பிள்ளை, தபால்காரர், டீச்சர். முதுகில் ஏறினால் கூலி. நான் முதல்நாள் தோள்பையோடு வேலைக்குப் போனபோது, அம்மா லயத்தின் கோடிவரை நடந்துவந்து எல்லா வாசலிலும் அதைக் காட்டியவள்.

முதலில் பார்த்தது பக்கத்து வீட்டுப் பொன்னாயி அத்தை.

“என்னா சுமலதா, தோட்டத்துல பேர் பதிஞ்சிட்டியா? பைய கட்டியிருக்க, கூடைய எங்க?”

அம்மா சிரிக்கவில்லை.

“முதுகுல தூக்குறதுக்கு எதுக்குடி காலேஜு? அத நானே சொல்லிக் குடுத்திருப்பேனே.”

மெஷின் உடைந்தால் வேலை போகும் என்று விளக்கினேன். வேலை போனால் இன்னொன்று வரும், மானம் போனால் வருமா என்பது அவள் கணக்கு. அன்றிலிருந்து டீயை என் கையில் தராமல் அடுப்புமேட்டில் வைத்துவிட்டுப் போனாள். நான் கயிற்றை அவிழ்க்கவில்லை. மழைக்காலம் முழுக்க மெஷின் பத்திரமாக இருந்தது.

மழை விட்டதும் சைக்கிள் கொடுத்தவர்கள் போட்டோக்காரரோடு வந்தார்கள். போட்டோக்காரர் கயிற்றைப் பார்த்தார். அது என் அம்மாவின் கயிறு என்று ஜஸ்டஸ் சார் சொன்னதும் போட்டோக்காரருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மாவின் கயிற்றில் மகளின் அறிவியல் என்று இங்கிலீஷில் சொன்னார். கொழுந்து பறிக்கிறவர்கள் மாதிரி கயிற்றை நெற்றியில் போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். நெற்றியில் போட்டால் ரோடு தெரியாது என்றேன். ஒரு நிமிஷந்தானுங்க என்றார் ஜஸ்டஸ் சார்.

அந்த ஒரு நிமிஷம் ஆபீஸ் சுவரில் ஏறியது. அதோடு விட்டார்களா? பெங்களூரில் தைத்த புதுப் பைகள் வந்தன. நெற்றியில் மாட்டக் கைத்தறி நாடா, பளபளவென்று அதே முத்திரை. வேலைநேரத்தில் எல்லோரும் இதைத்தான் மாட்ட வேண்டும் என்று உத்தரவு. மாட்டி ஓட்டிப் பார்த்தேன். இறக்கத்தில் பையின் கனம் தலையைப் பின்னால் இழுத்தது. எதிரே வந்த பஸ் தெரியவில்லை, வானம் நன்றாகத் தெரிந்தது. பஸ்காரர் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார்.

அடுத்த லீவில் கூடலூருக்குப் போய்க் கடையில் ஒரு கேரியர் போட்டேன். மெஷினைப் பழைய ஸ்வெட்டரில் சுற்றி, பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, டின்னைக் கேரியரில் அம்மாவின் கயிற்றால் இறுக்கினேன். புதுப் பைக்குள் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, நாடாவை நெற்றியில் மாட்டிக்கொண்டேன். பை காற்றடைத்த பலூன்போல முதுகில் உட்கார்ந்திருந்தது.

ஜஸ்டஸ் சார் லயத்துக்கு வந்தபோது கேரியரைப் பார்த்தார். பையை ஒரு விரலால் அழுத்தினார். பேப்பர் சத்தம் அவருக்கும் கேட்டது. முத்திரை நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

“போட்டோவுல மட்டும் கேரியர் தெரியாம நின்னுக்குங்க.”

மெஷின் பிழைத்தது. நானும் பிழைத்தேன்.

அன்று சாயங்காலம் அம்மா வாசலில் கிடந்த பையை ஓரமாக வைக்கத் தூக்கினாள். கனத்துக்குத் தயாராக இருந்த கை சட்டென்று மேலே போய்விட்டது.

“உள்ளுக்கு என்னா இருக்கு?”

“பேப்பர்.”

“அப்ப மெஷினு?”

“கேரியர்ல.”

“இத எதுக்குத் தூக்கிட்டுப் போற?”

“ஆபீஸ்ல தூக்கச் சொல்றாங்க.”

அம்மா பையை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்தாள். பல மாதத்துக்கு அப்புறம் டீயை என் கையில் கொடுத்தாள்.

“ஒண்ணுமில்லாதத நாள் பூரா தூக்கிட்டுப் போனா, அது ஆபீசர் வேலதான்.”

பொன்னாயி அத்தைக்குக் கேட்கிற மாதிரிதான் சொன்னாள்.