அய்யாவுக்குக் குரல் உடைந்தது

1957ஆம் வருஷக் கோடை விடுமுறைக்கு, ராமநாதபுரத்து ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலிருந்து நாகலெட்சுமி சாயல்குடிக்கு வந்தாள். துணிப்பையில் ஒரு புது நோட்டு இருந்தது. ஒரு குழந்தையையும் நடுவயதுக்காரர் ஒருவரையும் மாதம் முழுக்கக் கவனித்து, புத்தகம் சொல்கிற பருவக் குணங்கள் அவர்களிடம் தென்படுகின்றனவா என்று எழுதி வரச் சொல்லியிருந்தார் மனோதத்துவ டீச்சர்.

குழந்தைக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. அக்காள் மகள் பூமயிலுக்கு இரண்டு வயது. இந்த வயதில் எதற்கும் மறுப்புத்தான் என்றது புத்தகம்.

"சோறு திங்கிறியா?"

"மாட்டேன்."

"அப்ப வேணாமா?"

"மாட்டேன்."

நாகலெட்சுமி பரவசமாக எழுதிக்கொண்டாள்.

நடுவயதுக்கு அவளுடைய அய்யா சோணைமுத்து. ஐம்பத்து நாலு வயது, மிளகாய் விவசாயம். நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம், அதிலும் பாதி மாடுகளிடம். "நடுவயதில் பழக்கங்கள் கெட்டிப்படும்; புதியன கற்கும் நாட்டம் குறையும்." இதற்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் ஜில்லாவிலேயே கிடைக்கமாட்டார் என்று நினைத்தாள்.

அந்த நினைப்பு இரண்டு நாள்தான் நின்றது. மூன்றாம் நாள் அய்யா கண்ணாடி முன்னால் நின்று மீசையை இடமும் வலமும் முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகளைக் கண்டதும் துண்டை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். நாலு மணிக்குச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார்.

"எங்கன போறீக அய்யா?"

"சும்மா, அங்கன வரைக்கும்."

"அங்கனன்னா?"

"உனக்கு எல்லாத்தையும் சொல்லணுமாக்கும்!" என்று சீறினார். சீறும்போதே குரல் கீச்சென்று உடைந்தது.

நாகலெட்சுமி புத்தகத்தைப் புரட்டினாள். கண்ணாடி மோகம், ரகசியம், சிடுசிடுப்பு, குரல் உடைதல். நாலும் ஒரே பக்கத்தில் வரிசையாக இருந்தன. ஆனால் அது குமரப் பருவத்துக்கான பக்கம்.

"அம்மா, அய்யாவுக்கு என்னமோ ஆயிருச்சு."

உமையாள் வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். "எனக்குத் தெரியாதா? பத்து நாளா தூக்கத்துல 'தேவி, தேவி'ங்கிறாரு. எம்பேரு உமையாளு."

"யாரும்மா அது?"

"அதத்தான் நானும் கேக்கலாம்னு இருக்கேன்." அம்மா சிரிக்கவில்லை.

மறுநாள் நாகலெட்சுமி அய்யாவுக்குத் தெரியாமல் பின்னாலேயே போனாள். அவர் தையல்காரர் மஹ்மூதின் கடைக்குள் நுழைந்தார். உள்ளேயிருந்து ஆர்மோனியச் சத்தம் வந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். துணி அளக்கும் கோலை வாள்போல் உயர்த்திப் பிடித்து அய்யா அலறிக்கொண்டிருந்தார்: "தேவீ! உன்னைப் பிரிந்து ஒரு கணமும் இரேன்!"

மஹ்மூது ஆர்மோனியத்தை நிறுத்தினார். "அண்ணே, அந்த எடத்துல கத்தாதீக. ராசா ஆசையச் சொல்றாரு. ஏரா ஓட்டுறாரு?"

திரும்பிய அய்யா மகளைப் பார்த்துவிட்டார். கோலைக் கீழே வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"வாசகசாலை திறப்புக்கு நாடகம் போடுறாக. ராஜபார்ட்டுக்காரனுக்குக் கால் ஒடிஞ்சு போச்சு. நானாத்தான் போய்க் கேட்டேன்." தரையைப் பார்த்தபடி சொன்னார். "பதினாலு வயசுல வந்த ஆசை தாயி. அப்ப எங்கய்யா ஏரப் பிடிடான்னுட்டாரு. உங்கம்மாட்ட சொல்லிராத, சிரிப்பா."

"சொல்லாட்டித்தான் ஆபத்து அய்யா," என்றாள் நாகலெட்சுமி.

நாடகத்தன்று சாயங்காலம், பூமயிலை மடியில் வைத்துக்கொண்டு உமையாள் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஜிகினா உடையில் ராசா வந்தார். சேலை கட்டிய தபால்காரர்தான் தேவி. ராசா மண்டியிட்டு, "தேவி, என்னை ஏற்றுக்கொள்வாயா?" என்று கேட்டார்.

தேவி வாயைத் திறப்பதற்குள் முன்வரிசையிலிருந்து, "மாட்டேன்!" என்றது பூமயில்.

கூட்டம் குலுங்கிச் சிரித்தது. அய்யாவுக்கு அடுத்த வசனம் மறந்துபோனது. வேர்த்துக் கொட்டியது. அப்போது அவர் மெல்ல எழுந்து, மீசையை ஒரு முறுக்கு முறுக்கிச் சொன்னார்: "பார்த்தாயா தேவி, உன் தோழிக்கே பொறாமை!"

கைதட்டல் அடங்கியதும் பாட ஆரம்பித்தார். உச்சத்தில் குரல் உடைந்தது. அவர் நிறுத்தவில்லை, உடைந்த குரலிலேயே பாடி முடித்தார். உமையாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அதே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

பள்ளி திறந்ததும் டீச்சர் நோட்டைத் திருத்திக் கொடுத்தார். "கவனிப்பு நன்று. ஆனால் நடுவயதுக்காரர் பகுதியில் பதினாலு வயதுப் பையன் ஒருவனின் குறிப்புகள் கலந்துவிட்டன. பிரித்து எழுதவும்." நாகலெட்சுமி அதன் கீழேயே எழுதினாள்: "கலக்கவில்லை டீச்சர். ஒரே ஆள்தான்."

ஆவணியில் வாலிநோக்கத்து உப்பளத்துக்காரர்கள் நாடகம் கேட்டு ஆள் அனுப்பினார்கள். சோணைமுத்து பஸ்ஸுக்குப் போனபோது, உமையாள் அவருக்கு முன்னாலேயே சேலை மாற்றிக்கொண்டு வந்து அங்கே நின்றிருந்தாள்.

"நீ எதுக்கு?"

"வசனம் மறந்தா எடுத்துக் குடுக்க ஆள் வேணுமில்ல? எனக்குப் பூராவும் மனப்பாடம்."

பஸ் வந்தது. ராசா முதலில் ஏறி, தேவிக்கு ஜன்னலோரத்தில் இடம் பிடித்தார்.