பதியாத ஆள்

சுந்தரலிங்கத்துக்குக் கொழும்பில் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான்: புதிதாக வந்து சேரும் தமிழர். தான் பழைய கொழும்பு ஆள் என்று அவர் சொல்லாமல் விட்ட நாள் கிடையாது. யாழ்ப்பாணத்தில் இருந்து கொட்டாஞ்சேனையில் வந்து இறங்கியபோது மீசைகூட அரும்பவில்லையாம். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் அடித்தவர்களையும் தெரியுமாம், அடிவாங்கியவர்களையும் தெரியுமாம். "இந்தப் புதுசுகள் வந்துதான் எங்களுக்கும் கரைச்சல்" என்று வெள்ளவத்தைச் சந்தையில் வெண்டிக்காயை முறித்துப் பார்க்கும்போதும் சொல்லுவார். வடக்கே ஷெல் விழுகிறது, பாவங்கள் ஓடி வருகுதுகள் என்று யாராவது சொன்னால், "அதுக்கு நான் என்ன செய்ய? நானோ போட்டனான்?" என்று கேட்பார். அப்படியொரு தங்கமான மனம்.

பெண்சாதியும் பிள்ளைகளும் கனடா போய்விட்டார்கள். மனுசன் வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கையில் ஒரு கடை வைத்து, அதன் பின்அறையிலேயே படுத்து எழும்பினார். கலியாணக் காட், மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ், எல்லாம் அங்கே அடித்துக் கொடுக்கப்படும். ஆயுதம் ஒரேயொரு கம்ப்யூட்டர். 1999ஆம் ஆண்டில் அந்த ஒழுங்கைக்கு அதுவே பெரிய புதினம்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் சனியன் பிடித்தது. தமிழ் அடிக்கிற மென்பொருள் முதலில் ஒன்று இருந்தது. வந்த புதிதில் அதற்கு 'புதுசு' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைத்தார். பிறகு அதன் புதிய பதிப்பு வந்தது. காசு கொடுத்தா வாங்குவார் இவர்? கொச்சிக்கடையில் கம்ப்யூட்டர் திருத்துகிற பற்றிக் என்ற பெடியன், யாரிடமோ இரவல் வாங்கி வந்த சீடியில் இருந்து பழையதற்குப் பக்கத்திலேயே அதையும் ஏற்றிவிட்டான். பழையதை எடுத்துவிட்டால் பழைய வேலைகளைத் திறக்க முடியாது என்பதால் இரண்டும் இருக்கவேண்டியதாயிற்று. புதியதற்கு இவர் வைத்த பெயர் 'புதுசு 2'. ஆக, புதுசு என்றால் பழையது. இரண்டுக்கும் ஒரே மயில் படம் வேறு. "கிழிஞ்சுது போ" என்று பற்றிக் தலையில் அடித்துக்கொண்டு போனான். பெயரை மாற்றச் சொன்னால், "எனக்குத் தெரியும்தானே" என்றார் இவர்.

தெரிந்த லட்சணம் ஒரு கலியாணக் காட்டில் வெளிச்சத்துக்கு வந்தது. பழையதில் அடித்ததைப் புதியதில் திறந்து, பார்க்காமல் அச்சுக்குக் கொடுத்துவிட்டார். கொம்பு எல்லாம் கேள்விக்குறியாக மாறிப்போனது. மாப்பிள்ளை 'திருநிறைச்?சல்வன்' ஆகிவிட்டார். மாப்பிள்ளையின் தாய் மயிலம்மா கல்கிசையில் இருந்து ஓட்டோ பிடித்து வந்து, "என்ர பிள்ளையில உமக்கு என்ன சந்தேகம்? சொல்லும், என்ன சந்தேகம்?" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கக் கத்திவிட்டுப் போனாள்.

அவள் போன கையோடு சுந்தரலிங்கம் பக்கத்து அலவியின் போன் கடைக்கு, அதாவது கொமினிக்கேசனுக்கு, ஓடிப் பற்றிக்குக்கு போன் எடுத்தார். யாழ்ப்பாணத்தார் வாயில் எல்லாமே 'ஆள்' தான். தண்ணி மோட்டர் ஆள், வானொலிப் பெட்டி ஆள், பிடிவாதம் பிடிக்கிற குடையும் ஆள். போதாததற்கு மரியாதையும் சேர்ந்துகொள்ளும். அவர் தொண்டை கிழியக் கதைத்தது இதுதான்:

"பற்றிக், புது ஆள் வந்து இறங்கினதில இருந்து ஒரே கரைச்சலாக் கிடக்குது. ஓம், இன்னும் பதியேல்லை. பதியேல்லை, பதியேல்லை எண்டு அவரே முகத்துக்கு முன்னால வந்து நிண்டு சொல்லுறார். எப்பிடிப் பதியிறது? கள்ளமாக் கொண்டுவந்த ஆளெல்லே, பதியப் போனாப் பிடிபட்டிடுவம். என்ன? பழைய ஆளோ? ஐயையோ, அழிச்சுப்போடாத! பழைய விசயமெல்லாம் அவரிட்டத்தான் கிடக்குது. ரெண்டு பேரும் பக்கத்தில பக்கத்தில இருக்கட்டும். முகம் ஒண்டெண்டபடியால் ஆர் எவரெண்டு எனக்கே பிடிபடேல்லை."

"என்ன அண்ண, இந்தச் சத்தத்துக்கு போன் எதுக்கு? கொச்சிக்கடைக்குச் சும்மாவே கேக்குமே" என்று அலவி சிரித்தான். போட்டோக்கொப்பி எடுக்க வந்து நின்ற ஒருவன் சிரிக்கவில்லை. சிவில் உடுப்பில் வந்திருந்த பொலிஸ்காரன் அவன். தமிழ் அரைகுறை. ஆனால் புதுசு, பழசு, பதிவு, கள்ளம், ஆள் என்ற ஐந்து சொல்லும், வெளியில் இருந்து வந்து தங்கும் தமிழர் பொலிசில் பதியவேண்டியிருந்த அந்தக் காலத்தில், கொழும்புப் பொலிசில் எல்லாருக்கும் தெரியும். அவனுடைய அரைகுறைக்கு அது தாராளம்.

அடுத்த நாள் காலையில் கடை வாசலில் ஜீப் வந்து நின்றது. ஓர் இன்ஸ்பெக்டர், துவக்கோடு இரண்டு பேர்.

"கோ அளுத் மினிஹா?" என்றார் இன்ஸ்பெக்டர். புது ஆள் எங்கே என்று அர்த்தம்.

சுந்தரலிங்கத்துக்குக் கேட்ட உடனே மனம் குளிர்ந்துபோனது. மேல் அறையில் மன்னார்ப் பக்கத்து நோபேட் என்று ஒருவன் வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்துக்கொண்டு இருந்தான். வந்த நாளில் இருந்து அவனோடு இவர் முகம் கொடுத்துக் கதைத்ததில்லை. "மேலே இருக்கிறான் மாத்தயா. போய்ப் பாருங்கள். இவங்களாலேதான் எங்களுக்கும் கெட்ட பெயர்" என்று சிங்களத்தில் பொழிந்து தள்ளினார். அவருடைய சிங்களம் அப்படிப்பட்ட சிங்களம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தெற்கே காலியிலோ மாத்தறையிலோ பிறந்த சிங்களவர் என்பார்கள். காட்டிக்கொடுக்கிறோமே என்ற கூச்சம் ஒரு துளி வேண்டுமே? கிடையாது.

நோபேட்டை இறக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு கன்னம் வழித்தும் மற்றக் கன்னத்தில் சவர்க்கார நுரையுமாக வந்தான். பொலிஸ் பதிவுத் துண்டைச் சட்டைப் பையில் இருந்து எடுத்து நீட்டினான். வந்து இறங்கிய அன்றைக்கே பதிந்தது. இன்ஸ்பெக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிழை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை.

"இவன் பதிந்தவன். எனக்குத் தேவை பதியாதவன்" என்றார். "பழையவனுக்குப் பக்கத்தில் இருக்கிறானாம். இரண்டு பேருக்கும் ஒரே முகமாம். களவாகக் கொண்டுவந்தாயாம். பழையவனை அழிக்கவேண்டாம் என்று கொச்சிக்கடைக்குக் கட்டளையும் கொடுத்தாயாம். எங்கே அவர்கள்?"

சுந்தரலிங்கத்துக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு, நேற்றைய போன் கதைதான் என்று விளங்கியது. விளங்கியதும் சிரிப்பு வந்தது. துவக்குகளைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு வந்த வழியே போய்விட்டது. "ஐயோ மாத்தயா, அது ஆள் இல்லை, கம்ப்யூட்டருக்குள்ளே இருக்கிறது" என்றார். "ஆள் இல்லை, உள்ளே இருக்கிறான் என்கிறாய்" என்று இன்ஸ்பெக்டர் முறைத்தார். காட்டாவிட்டால் ஜீப்பில் ஏற்றுவார்கள். ஏற்றினால் அடித்து விசாரிக்கிற அந்த நாலாம் மாடியில்தான் இறக்குவார்களோ, யார் கண்டது? ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டார்.

"இது பழையது மாத்தயா."

"புதுசு என்று எழுதியிருக்கிறது. புதுசு என்றால் அளுத் தானே? எனக்கும் அவ்வளவு தமிழ் தெரியும்."

"ஓம் மாத்தயா. வந்தபோது புதுசு. இப்போது பழசு."

"அப்போ புதியது?"

"புதுசு இரண்டு."

"இரண்டும் புதியது. பழையது எங்கே?"

சுந்தரலிங்கம் முதல் மயிலைத் தொட்டுக் காட்டினார். இன்ஸ்பெக்டர் இரண்டு மயிலையும் உற்றுப் பார்த்துவிட்டு, "இரண்டும் ஒன்றுதானே, என்னை மடையன் ஆக்கப் பார்க்கிறாயா?" என்றார். சுந்தரலிங்கம் ஆத்திர அவசரத்தில் புதுசு இரண்டை அமுக்கினார். திரையில் மணல்கடிகாரம் வந்து நின்றது. நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. அந்த அறுவானை அவர் எத்தனை நாள் திட்டியிருப்பார்! அன்றைக்கு முருகனைக் கும்பிடுகிற மாதிரி அதைக் கும்பிட்டார். கடைசியில் சின்னப் பெட்டி ஒன்று பாய்ந்து வந்தது. நீங்கள் இன்னும் பதிவு செய்யவில்லை என்று அதில் ஆங்கிலத்தில் இருந்தது.

"பாருங்கோ! பதியவில்லை! நான் சொன்னேனே, பதியவில்லை!" என்று சுந்தரலிங்கம் கலியாண வீட்டுக்காரர் மாதிரிக் கை தட்டினார்.

இன்ஸ்பெக்டர் வாசித்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். துவக்குக்காரர் சிரித்தார்கள். நோபேட்டும் நுரைக் கன்னத்தோடு சிரித்தான். உனக்கென்ன சிரிப்பு என்று சுந்தரலிங்கம் அவனை ஒரு முறை முறைத்தார்.

சிரித்து முடித்த இன்ஸ்பெக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி. பெட்டிக்குள் இருப்பது பதியவில்லை. மேலே இருப்பவன் பதிந்திருக்கிறான். நீ?" என்று கேட்டார்.

"நானா? நான் பழைய கொழும்பு ஆள் மாத்தயா."

"பதிந்திருக்கிறாயா?"

பதிவதாவது! பதிவது புதுசுகளின் வேலை, நான் என்ன நேற்று வந்தவனோ என்று ஒழுங்கை முழுக்கச் சொல்லித் திரிந்தவர் எப்படிப் பதிந்திருப்பார்? அடையாள அட்டையை நீட்டினார். அதில் கொட்டாஞ்சேனை விலாசம். அந்த வீட்டை இடித்துக் கட்டிச் சீமெந்துக் கடை வந்தே எத்தனையோ வருடம். "விலாசம் அங்கே, ஆள் இங்கே. ஏறு" என்றார் இன்ஸ்பெக்டர்.

பொலிஸ் நிலையத்தில் வாங்குப் பலகை நிறையச் சனம். எல்லாம் வவுனியா பஸ்ஸில் வந்து இறங்கியதுகள், மடியில் பையும் கையில் துண்டுமாக இருந்தார்கள். சுந்தரலிங்கம் அவர்களோடு இருக்கமாட்டேன் என்று சுவரோடு நின்றார். பதிவு மேசையில் இருந்த சார்ஜன் அவரையும் அந்த வாங்கிலேயே இருக்கச் சொன்னார். வெள்ளவத்தையில் எவ்வளவு காலம் இருக்கிறார் என்று பதிந்த ஆள் ஒருவர் வந்து சொல்லவேண்டுமாம். பதியாத ஆளின் சொல் செல்லாதாம். வெள்ளிக்கிழமை மதியம், அலவி கடையைப் பூட்டிவிட்டு ஜும்மாவுக்குப் போய்விட்டான். பற்றிக்கைக் கூப்பிட்டால் சீடிக் கதையும் சேர்ந்து வெளியே வரும். மிச்சம் யார்? மேல் அறைதான்.

சொல்லி அனுப்ப நோபேட் வந்தான். பாவம், இரண்டு கன்னமும் வழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தான். காலையில் காட்டிக்கொடுத்ததை மனதில் வைக்காமல், "என்ன அண்ணை செய்யவேணும்?" என்றான். சுந்தரலிங்கம் அவன் காதுக்குள் குனிந்தார்.

"தம்பி ராசா, இருவது வருசமாத் தெரியும் எண்டு சொல்லும்."

"அண்ணை, எனக்கு இருவத்தாறு வயசு. ஆறு வயசில மன்னாரில இருந்துகொண்டு உங்களை எங்க கண்டனான் எண்டு கேட்டா என்னெண்டு சொல்லுறது?"

சார்ஜனுக்குத் தமிழ் தெரியாது. நோபேட்டுக்குச் சிங்களம் தெரியாது. இடையில் நின்று மொழிபெயர்க்கச் சுந்தரலிங்கத்தையே விட்டார்கள். அந்த மனுசனுக்கு உயிர் திரும்பி வந்தது.

"நான் வந்து ஒண்டரை மாசம் சேர். வந்த நாளில இருந்து அண்ணை கடையிலதான் இருக்கிறார்" என்றான் நோபேட், உள்ளதை உள்ளபடி.

சுந்தரலிங்கம் அதைச் சிங்களத்தில், இருபது வருடமாகத் தன்னை நன்றாகத் தெரியும் என்கிறான் என்று, ஒரு திக்கலும் இல்லாமல், பாட்டுப் பாடுவதுபோல அழகாகச் சொன்னார். பக்கத்து மேசைப் பொலிஸ்காரன் தலையை நிமிர்த்தினான். அவன் மட்டக்களப்பில் நாலு வருடம் வேலை செய்து தமிழ் பிடித்தவன். "ஒன்றரை மாதம் என்றுதான் அவன் சொன்னான் சேர்" என்றான்.

சுந்தரலிங்கம் இங்கே இருக்கும் காலம் என்ற இடத்தில் சார்ஜன் ஒன்றரை மாதம் என்றே எழுதினார். பிறகு பேனையை வைத்துவிட்டுச் சுந்தரலிங்கத்தை மேலும் கீழும் பார்த்தார். முதல்முறையாக அவருடைய குரல் மெதுவாக வந்தது.

"கொழும்புக்கு வந்து ஒன்றரை மாதம். அதற்குள் இவ்வளவு நல்ல சிங்களம். எந்தப் புலி முகாமில் படிப்பித்தார்கள்?"

நோபேட்டைப் போகச் சொன்னார்கள். சுந்தரலிங்கத்தை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள்.